நல்லதண்ணிக் குளிரும் அறுகோணப் போர்வையும்

ஹட்டன் நகரிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா ஆகிய ஊர்களைக் கடந்து, தேயிலை மலைகளினூடே வளைந்து வளைந்து செல்லும் பாதை சிவனொளிபாத மலையின் அடிவாரத்தை அடையும் இடமே நல்லதண்ணி. டிசம்பர் மாதப் பூரணை தொடங்கி வெசாக் பூரணை வரையில் அவ்வூர் உறங்குவதில்லை. 2243 மீட்டர் உயரமுள்ள மலையின் உச்சியிலே, சைவர் சிவபெருமானின் திருவடி என்றும், பௌத்தர் புத்தபெருமானின் பாதச்சுவடு என்றும், இஸ்லாமியர் ஆதி பிதாவாகிய ஆதமின் அடிச்சுவடு என்றும் போற்றும் தலத்தைத் தரிசிக்கவும், அங்கு நின்று சூரியோதயம் காணவும், இரவோடிரவாக யாத்திரிகர் ஏறிக்கொண்டே இருப்பர். பாதையின் இருமருங்கிலும் உள்ள கடைகளில் கம்பளித் தொப்பிகளும் கையுறைகளும் சுவெட்டர்களும் தோரணம்போலத் தொங்கும். கீழ்நாட்டிலிருந்து வந்தவர் நடுங்கிக்கொண்டே ஒரு தொப்பியை வாங்கி அணிந்து மலையேறுவர். மறுநாள் ஊருக்குத் திரும்பியதும் அதைப் பெட்டியில் போட்டுவிடுவர். அவர்களுக்குக் குளிர் ஓரிரவு விருந்தாளி. மலையடிவாரத்துத் தோட்டங்களில் வாழ்வோருக்கோ அது வீட்டிலேயே குடியிருக்கும் சுற்றம். மே மாதம் கழிந்து, கடைகள் மூடப்பட்டு, தென்மேற்குப் பருவமழை மலையை மூடிய பின்னரும் அது போகாது.

நூலுக்கும் இம்மலைக்கும் பழைய உறவொன்று உண்டு. மலைப்பாதையில் இந்திக்கட்டுப்பான என்றோர் இடம் இருக்கிறது. சிங்களத்தில் ‘இந்திக்கட்டுவ’ என்றால் ஊசி. புத்தபெருமான் தமது சீவர ஆடையில் ஏற்பட்ட கிழிசலை அவ்விடத்தில் அமர்ந்து தைத்தார் என்பது பௌத்தர்களின் ஐதீகம். யாத்திரிகர்கள் ஊசியும் நூலும் கொண்டுசென்று அங்கே காணிக்கையாக்குவதும், நூலைச் செடிகொடிகளின்மேல் நீட்டிக்கொண்டே மேலேறுவதும் வழக்கம். கிழிந்ததைத் தைத்து உடுப்பது தாழ்வன்று என்பதற்கு இதைவிட உயர்ந்த சாட்சி நமக்குக் கிடைக்குமா? மிச்ச நூலைக் கொண்டு போர்வை செய்வதைப் பற்றி எழுதப் புகுந்த நாம் நல்லதண்ணியிலிருந்து தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் ‘கம்பளி’ என்னும் சொல். தோட்டப் புறங்களில் அச்சொல்லுக்குத் தனி வரலாறே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி தொட்டுத் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய வெயில் நாடுகளிலிருந்து முதலிற் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்த நம் முன்னோர், மலைக்குளிரைத் தாங்கும் துணி எதனையும் உடன் கொண்டுவரவில்லை. தோட்டத்திலே அவர்களுக்கு முரட்டுக் கம்பளி கொடுக்கப்பட்டது. கொடுக்கப்பட்டதென்றால் இனாமாக அன்று. அரிசியின் விலையைப் போலவே கம்பளியின் விலையும் பேரேட்டில் பற்று எழுதப்பட்டுக் கூலியில் கழிக்கப்பட்டது. பகலில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் தலையில் மழைக்குக் கொங்காணியாகவும், கூடைக் கயிறு அழுந்தும் இடத்தில் சும்மாடாகவும் இருந்த அதே கம்பளி, இரவில் லயத்துக் காம்பிராவிலே பிள்ளைகளுக்குப் போர்வையாயிற்று. ஆக, உடலைச் சுற்றிய துணியே உடலைப் பிணித்த கடனுமாயிற்று. ‘இன்ன தொகையைச் செலுத்தினால் இத்தொழிலாளியை விடுவிப்போம்’ என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். அந்தத் துண்டு முறை 1921-ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நாம் சொல்லப்போவதும் துண்டுகளின் கதையே; ஆயினும் இவை யாரையும் யாருக்கும் கடன்காரராக்காத துண்டுகள்.

சுவெட்டர் பின்னும் பழக்கமுள்ள எந்த வீட்டிலும் ஒரு பை இருக்கும். அதனுள்ளே எலுமிச்சங்காய் அளவில் ஒரு சிவப்பு உருண்டை, நெல்லிக்காய் அளவில் ஒரு நீலம், எதற்கும் போதாத மஞ்சள், யாருடைய பள்ளிச் சுவெட்டருக்கோ வாங்கி மிஞ்சிய கரும்பச்சை எனப் பல கிடக்கும். எறிய மனம் வராது. உபயோகிக்க வழியும் தெரியாது. சிறுத்துப்போன பழைய சுவெட்டர்களைப் பிரித்தாலும் நூல் கிடைக்கும். ஆனால் பிரிப்பதற்கு முன் ஓரத் தையலை உற்றுப்பார்க்க வேண்டும். கையால் பின்னி இணைத்த சுவெட்டர் நீண்ட நூலாகப் பிரியும். ஆலையில் பெருந்துணியாக நெய்து, வெட்டி, ஓரம் அடித்துத் தைத்த சுவெட்டரோ ஒரு கைநீளத் துண்டுகளாகவே உதிரும். அதைப் பிரிப்பது வீண் பிரயாசை. பிரித்த நூலை நாற்காலி முதுகிற் சுற்றிக் கட்டி, நனைத்து, சிறு பாரம் தொங்கவிட்டு உலர்த்தினால் சுருள் நீங்கி நேராகும்.

இத்தகைய மிச்சங்களுக்கு ஏற்ற வேலை குரோஷே. இது பிரெஞ்சு மொழிச் சொல். சிறு கொக்கி என்பது பொருள். நுனியில் வளைவுள்ள ஒற்றை ஊசியே இதற்குரிய கருவி. இரட்டை ஊசிப் பின்னலில் நூறு கண்ணிகள் ஊசிமேல் வரிசையாக நிற்கும். ஒன்று நழுவினால் வரிசையே அவிழும். குரோஷேயில் எந்த நேரத்திலும் ஊசியில் நிற்பது ஒரே ஒரு கண்ணி. அடுப்பில் சோறு பொங்கினாலும், தொட்டிலில் பிள்ளை அழுதாலும், அக்கண்ணியைச் சற்று நீட்டி இழுத்துவிட்டு எழுந்து போகலாம். வந்து விட்ட இடத்திலேயே தொடரலாம். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு ஓடி, மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, பின்னர் வீட்டு வேலையும் பார்க்கும் ஒரு பெண்ணுக்கு முழுதாக இரண்டு மணி நேரம் எப்போது கிடைக்கும்? பத்து நிமிஷம், இருபது நிமிஷம் என்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். மிச்ச நூலுக்கும் மிச்ச நேரத்துக்கும் ஒருங்கே பொருந்துவது, உள்ளங்கை அளவில் தொடங்கி உள்ளங்கை அளவிலேயே முடிந்துவிடும் ஒரு துண்டு. அது சதுரமாகவும் இருக்கலாம். ஆயினும் நாம் அறுகோணத்தையே சிபாரிசு செய்வோம்.

தேனடையும் ஊடுபுள்ளியும்

ஏன் அறுகோணம்? மலைநாட்டாருக்குத் தேனடை புதிதன்று. இடைவெளியின்றிப் பரப்பை நிரப்பக்கூடிய ஒழுங்கான வடிவங்கள் மூன்றே: முக்கோணம், சதுரம், அறுகோணம். 100 சதுர சென்ரிமீற்றர் பரப்பை அடைக்க முக்கோணத்துக்கு 45.6 செ.மீ. சுற்றளவு வேண்டும்; சதுரத்துக்கு 40; அறுகோணத்துக்கு 37.2 போதும். வட்டத்துக்கு இன்னும் குறைவுதான். ஆனால் வட்டங்களை அடுக்கினால் நடுவே பொந்துகள் விழுமே! தேனீ மெழுகைச் சிக்கனப்படுத்தவே அறுகோணம் கட்டுகிறது என்று கிறிஸ்துவுக்கு முன்னரே ரோமானிய அறிஞர் வார்ரோ எழுதினார். சமபரப்புள்ள அறைகளாகத் தளத்தைப் பிரிக்க அறுகோண அமைப்பைவிடக் குறைந்த சுவர் நீளம் எந்த அமைப்பிலும் இல்லை என்பதைக் கணித முறைப்படி நிறுவியவர் அமெரிக்கரான தோமஸ் ஹேல்ஸ்; ஆண்டு 1999. தேனீக்கு மெழுகு மிச்சமாவதுபோல் நமக்கு இணைப்புத் தையல் மிச்சமாகிறது. மேலும், சதுரங்களை இணைத்தால் ஒரு மூலையில் நான்கு துண்டுகள் வந்து முட்டும். அறுகோணத்தில் மூன்றே முட்டும். நான்கு மூலைகளை ஒரு புள்ளியில் கூட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

துண்டுகளை எப்படி அடுக்குவது என்பதற்குப் புத்தகம் தேவையில்லை. கோலம் போடத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். நேர்ப்புள்ளி வைத்தால் சதுரம் பிறக்கும். முதல் வரிசைப் புள்ளிகளின் இடுக்கிலே அடுத்த வரிசைப் புள்ளிகளை வைக்கும் ஊடுபுள்ளியில் அறுகோணம் பிறக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பின்னல் துண்டு என்று எண்ணிக்கொண்டால் போர்வையின் படம் தரையிலேயே தயார். ‘7 புள்ளி, ஊடுபுள்ளி 4 வரை’ என்று மார்கழியில் வாசலில் போடுகிறோமே, அதில் நடுவரிசையில் 7, இருபுறமும் 6, 5, 4 ஆக மொத்தம் 37 புள்ளிகள். ஒரு துண்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கிடையே 10 செ.மீ. இருக்குமாறு பின்னினால், 37 துண்டுகளில் 70 செ.மீ. அகலமுள்ள, தானும் அறுகோண வடிவிலேயே அமைந்த கைப்பிள்ளைப் போர்வை ஒன்று கிடைக்கும். முதல் முயற்சிக்கு இதுவே போதும். பெரியவர் ஒருவர் போர்த்திக்கொள்ள வேண்டுமானால் 15, 14, 15, 14 என்று மாறி மாறி 24 வரிசைகள் அடுக்க வேண்டும். அப்போது 348 துண்டுகளும், குறைந்த வரிசைகளின் ஓரப் பள்ளங்களை நிரப்ப 24 அரைத் துண்டுகளும் ஆகும். 150 செ.மீ. அகலமும் ஏறத்தாழ 210 செ.மீ. நீளமும் உள்ள முழுப் போர்வை அது. எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டாம். முதற்பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் 37-இல் தொடங்கலாம்.

இனிப் பின்னும் முறை. நடுத்தரப் பருமனுள்ள கம்பளி நூலும் 4 மில்லிமீற்றர் ஊசியும் கொள்ளவும். நம் நாட்டில் பிரித்தானியப் பெயர்களே வழக்கம்; ஆகவே நாம் ‘டிரெபிள்’ என்று சொல்வதை அமெரிக்கப் புத்தகங்கள் ‘டபிள் குரோஷே’ என்று சொல்லும் என்பதை நினைவில் வைக்கவும். அமெரிக்கப் படத்தைப் பார்த்துப் பிரித்தானியப் பெயரால் பின்னி, துண்டு பாதியளவில் சுருங்கியதேன் என்று திகைப்பவர் பலர். டிரெபிள் என்பது, நூலை ஊசிமேல் ஒருமுறை சுற்றிக்கொண்டு கண்ணிக்குள் நுழைத்து, நூலைப் பிடித்து இழுத்து, ஊசியில் நிற்கும் மூன்று வளையங்களை இரண்டிரண்டாகக் கழிப்பது.

நாலைந்து சங்கிலிக் கண்ணிகள் போட்டு வளையமாக இணைக்கவும். அவ்வளையத்துக்குள் 12 டிரெபிள். அதுவே முதற் சுற்று. இந்தப் பன்னிரண்டில் ஒன்றுவிட்டு ஒன்றாக ஆறினை மூலைகளாகக் கொள்ளவும். இரண்டாஞ் சுற்றிலே மூலைக்கண்ணி ஒவ்வொன்றிலும் மூன்று டிரெபிள், மற்றவற்றில் ஒவ்வொன்று. மொத்தம் 24. அடுத்த சுற்றுகளிலும் விதி அதுவே: முந்திய சுற்றில் மூலையிற் போட்ட மூன்றில் நடுவிலுள்ளதே புதிய மூலை, அதில் மூன்று, ஏனையவற்றில் ஒன்று. மூன்றாஞ் சுற்றில் 36, நான்காஞ் சுற்றில் 48. ஒரு பக்கத்துக்கு 8 கண்ணிகள் வீதம் ஆறு பக்கங்கள். அவ்வளவே; துண்டு முடிந்தது.

சுற்றுக்குப் பன்னிரண்டு கூட வேண்டும் என்பது யாரோ வகுத்த சட்டமன்று. ஆரம் ஒரு பங்கு வளர்ந்தால் சுற்றளவு ஆறேகால் பங்கு வளரும் என்று பள்ளியிலே படித்திருக்கிறோம். டிரெபிளின் உயரம் அதன் அகலத்தைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. ஆகவே ஒரு சுற்று உயர்ந்தால் ஏறத்தாழப் பன்னிரண்டு கண்ணி அகலத்துக்கு இடம் உண்டாகிறது. அத்தனையையும் நிரப்பினால் துண்டு தட்டையாகக் கிடக்கும். கூட்டுவதை நிறுத்தினால் ஓரம் உள்வளைந்து கிண்ணமாகும். நல்லதண்ணிக் கடையில் தொங்கும் குரோஷேத் தொப்பி வேறொன்றுமன்று. கூட்டுவதைத் தக்க இடத்தில் நிறுத்திய வட்டமே. மிகுதியாகக் கூட்டினால் ஓரம் சேவற்கொண்டைபோல் அலையலையாகச் சுருளும். அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்திலே லாத்வியா நாட்டவரான டைனா டைமினா என்னும் கணித ஆசிரியை, ‘அதிபரவளையத் தளம்’ என்ற கடினமான வடிவத்தை மாணவர் கையில் கொடுத்துக் காட்ட, 1997-ஆம் ஆண்டில் இந்தச் சுருளையே வேண்டுமென்று குரோஷேயிற் பின்னினார். நம் மாணவிகளின் துண்டு சுருண்டால் வருந்த வேண்டாம். எண்ணிப் பார்த்து ஒரு சுற்றுப் பிரித்தால் போதும்.

எந்த மிச்சம் எந்தச் சுற்றுக்கு?

இதுதான் மிச்ச நூல் வேலையின் நுட்பம். நான்கு சுற்றுகளின் கண்ணிகள் 12, 24, 36, 48. அதாவது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற விகிதம். ஒரு துண்டுக்கு மொத்தம் ஏறத்தாழ 13 மீற்றர் நூலும் நான்கு அல்லது ஐந்து கிராம் எடையும் ஆகும். அதில் பத்தில் ஒரு பங்கே, ஒன்றேகால் மீற்றரே, நடுச்சுற்றுக்குப் போகிறது. இரு கைகளையும் விரித்து அளக்கும் நீளம்கூட இல்லாத நூலும் ஒரு துண்டின் நடுவே பூவாகி நிற்கும். ஆகவே மிகச் சிறிய உருண்டைகளை நடுவுக்கும், சற்றுப் பெரியவற்றை அடுத்த சுற்றுகளுக்கும் ஒதுக்க வேண்டும். கடைசிச் சுற்று மாத்திரம் எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே நிறமாயிருப்பது நலம். இல்லையேல் போர்வை, தேர்தல் முடிந்த மறுநாட் சுவர்போல் தோன்றும். முழுப் போர்வைக்கு மொத்தம் சுமார் ஒன்றரைக் கிலோ நூலாகும். அதில் கடைசிச் சுற்றின் நாற்பது சதவீதம், அதாவது அறுநூறு கிராமும், இணைப்புக்குச் சிறிதும் ஒரே நிறத்தில் கைவசம் வேண்டும். விலைகொடுத்து வாங்குவதானால் இதை மட்டுமே வாங்கலாம். வெள்ளை அழகாயிருக்கும் என்பர் சிலர். விறகடுப்பு எரியும் வீட்டுக்கு வெள்ளை ஆகாது. கரும்பச்சையோ, காய்ந்த தேயிலையின் நிறமோ புகைக்கு ஈடுகொடுக்கும்.

விறகடுப்பு என்றதும் ஓர் எச்சரிக்கை. கம்பளி நூல் என்று நாம் வழங்குபவை யாவும் ஆட்டு உரோமமல்ல. சந்தையில் மலிந்திருப்பது அக்றிலிக் என்னும் செயற்கை நூல். தொட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நெருப்புக்கு மாத்திரம் வேறுபாடு தெரியும். சிறு நூலை இடுக்கியாற் பிடித்துத் தட்டின்மேல் வைத்துக் கொளுத்திப் பார்க்கவும். உரோமமாயின் மயிர் பொசுங்கும் நாற்றம் வரும், சுடரை எடுத்தால் தானே அணையும், சாம்பல் விரலில் நொறுங்கும். பருத்தியாயின் கடதாசி எரியும் வாசனை வரும். அக்றிலிக்காயின் எரிந்துகொண்டே உருகி, ஆறியதும் கடினமான கரிய மணியாகும். உருகிய அது தோலிற் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். அடுப்புக்கும் படுக்கைக்கும் இடையே சில அடிகளே உள்ள பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் இது சிறு விஷயமன்று. குளிர் காய அடுப்பருகே அமரும் முதியோருக்கும், தவழும் பிள்ளைகளுக்கும் உரிய போர்வைக்கு உரோம நூலையே ஒதுக்குக. அக்றிலிக் மிச்சங்களை நாற்காலி விரிப்புக்கும் சுவர்த் தொங்கலுக்கும் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே போர்வையிற் கலப்பதும் தவறு, வெந்நீர் பட்டால் உரோமத் துண்டு சுருங்கித் தடிக்கும், மற்றது அப்படியே நிற்கும், போர்வை கோணும்.

வேலையில் அலுப்புத் தருவது பின்னுவதன்று, நூல் வால்களே. நான்கு நிறம் மாற்றினால் துண்டுக்கு எட்டு வால்கள். 37 துண்டுக்கு 296. 348 துண்டுக்கு 2784! கடைசியிற் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களின் போர்வைகள் அலமாரியிலேயே முதுமை எய்துகின்றன. நிறம் மாற்றும்போதே 15 செ.மீ. வால் விட்டு, அதை அடுத்த சுற்றின் கண்ணிகளுக்குள் படுக்கவைத்து மேலே பின்னிச் செல்க; எஞ்சிய நுனியை மழுங்கிய ஊசியால் எதிர்த்திசையில் ஒருமுறை செருகினால் அவிழாது. இணைப்பையும் அப்படியே தள்ளிப்போடாமல், ஏழு துண்டு சேர்ந்ததும் ஒன்றை நடுவிலும் ஆறைச் சுற்றிலும் வைத்துப் பூவாகத் தைத்துவிடுவது நலம். சிறு போர்வைக்கு மொத்தம் 90 பக்க இணைப்புகள். துண்டுகளை நல்ல பக்கம் உள்ளே இருக்கச் சேர்த்துப் பிடித்து, எட்டுக் கண்ணிக்கு எட்டுத் தையல் என்று எண்ணித் தைத்தால் மூலைகள் தாமே பொருந்தும். அரைத் துண்டுகளை மாத்திரம் சுற்றாகப் பின்னாமல், திருப்பித் திருப்பிப் போய்வந்து பின்ன வேண்டும்.

பொழுதுபோக்கா, வேலையா?

துண்டு துண்டாகப் பின்னிச் சேர்ப்பது பசி போக்கிய தொழிலாகவும் இருந்திருக்கிறது. 1845-ஆம் ஆண்டு முதல் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து அயர்லாந்தில் பெரும் பஞ்சம் தோன்றியபோது, கன்னியர் மடங்களும் வசதியுள்ள மாதர் சிலரும் ஏழைப் பெண்களுக்குக் குரோஷே கற்பித்தனர். ஒருத்தி ரோஜா, ஒருத்தி இலை என்று தனித்தனியே பின்ன, வேறொருத்தி அவற்றை இணைத்தாள். இந்தியாவிலே, ஆந்திரப் பிரதேசத்தின் மேற்குக் கோதாவரிப் பகுதியிலுள்ள நரசாப்பூருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிமார் வழியாக இக்கலை வந்தது. இருபதாம் நூற்றாண்டில் அங்கு ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டிலிருந்தே பின்னிக் கொடுத்தனர். வணிகர் வெளிநாடுகளுக்கு அனுப்பினர். மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் அப்பெண்களைப் பற்றி ஆராய்ந்து 1982-ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது இது: அப்பெண்கள் நாள்தோறும் பல மணி நேரம் உழைத்தும், கிடைத்த கூலி விவசாயக் கூலிப்பெண்ணின் குறைந்தபட்சக் கூலியைவிட மிகக் குறைவு. காரணம், அவர்கள் செய்வது வேலையன்று, வீட்டிலிருக்கும் பெண்களின் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று வணிகரும் வீட்டாரும், ஏன், அப்பெண்களுமே கருதியதுதான். இன்றளவும் சந்தையில் காணும் குரோஷேப் பொருள்கள் ஏறக்குறைய யாவும் கையாற் பின்னப்பட்டவையே. கடையில் ஒரு குரோஷே ஆடை மிக மலிவாகக் கிடைத்தால், யாரோ ஒரு பெண்ணின் மணிக்கணக்கு அதில் எழுதப்படவில்லை என்றே நாம் கொள்ள வேண்டும்.

கூலிக்கன்றி மகிழ்ச்சிக்காகவே கூடிப் பின்னிய கதையும் நம்மவரிடம் உண்டு. சென்னையிலே சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற மாதர் குழுவினர், தனித்தனியே பின்னிய துண்டுகளை இணைத்து, 2016-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் 11,148.5 சதுர மீற்றர் பரப்புள்ள போர்வையை விரித்து கின்னஸ் சாதனை படைத்தனர். மலைநாட்டுக் கணக்கில் சொன்னால் இரண்டே முக்கால் ஏக்கர். நல்ல வேகமுள்ள கைகளுக்கும் கொழுந்தெடுக்க நாட்பிடிக்கும் பரப்பு! அதையும் ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் உட்கார்ந்து, மடியிற் கொள்ளும் அளவிலேதான் பின்னினாள்.

யாத்திரைக் காலத்துக் கடைகளைக் கண்டு, நாமும் போர்வை பின்னி விற்றால் என்ன என்று எண்ணும் சகோதரிகள் இருப்பார்கள். விற்பதிற் குற்றமில்லை, விலை சொல்லுமுன் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதே நம் கருத்து. பழகிய கைக்கு ஒரு துண்டு சுமார் 25 நிமிஷம். 348 துண்டுக்கு 145 மணி நேரம். அரைத் துண்டுகளுக்கு ஐந்து மணி. இணைப்புக்கும் வால் செருகுவதற்கும் குறைந்தது முப்பது. ஆக 180 மணி நேரம். நாளொன்றுக்கு எட்டு மணி வீதம் இருபத்திரண்டரை நாட்கள். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024-ஆம் ஆண்டில் 1350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அந்த வீதத்திற் பார்த்தாலும், நூல் விலை நீங்கலாக, உழைப்பு மட்டும் 30,375 ரூபாய். பேர் விழுந்த நாளுக்குக் கிடைக்கும் சம்பளம் போதாதென்று போராடும் நாம், பேரே விழாத இரவுகளை மாத்திரம் இலவசமாகக் கொடுப்பது எங்ஙனம் நியாயமாகும்? அடுக்கி வைத்த ஆலைப் போர்வைகளுக்கு நடுவே அவ்விலையைக் கடைக்காரர் ஒப்பமாட்டார். எனவே பெரிய போர்வை விற்பனைக்குரிய சரக்கன்று. அது வீட்டில் இருக்கட்டும். விற்க விரும்புவோர்க்குத் தொப்பி ஏற்றது. ஓரிரு மாலையில் முடியும், குளிரில் நடுங்குபவர் பேரம் பேசுவதும் குறைவு. 37 துண்டுப் பிள்ளைப் போர்வைக்கு இணைப்பும் சேர்த்து இருபது மணி நேரம், அதாவது இரண்டரை நாள், 3375 ரூபாய். பிள்ளைப் பேற்றுக்குப் பரிசு கேட்டு வருபவரிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதியே காட்டலாம்.

முடித்த போர்வையைத் துவைப்பது பற்றி ஒரு சொல். உரோமப் போர்வையை வெந்நீரில் ஊறவைப்பதும், கல்லில் அடிப்பதும், முறுக்கிப் பிழிவதும் கூடாது. குளிர்ந்த நீரிலே சவர்க்காரத்தைக் கரைத்து அமுக்கி அலசி, பழைய துணியிற் சுருட்டி மிதித்து ஈரம் போக்கவும். கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரத்தால் இழுபட்டு நீளும். ஆகையாற் பாயிலோ படங்கிலோ அகல விரித்து உலர்த்த வேண்டும். நல்லதண்ணியில் அதற்கேற்ற வெயில் கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில். ஜூன் மாதத்திலே நனைத்தவர், அடுத்த பூரணை வரையில் பழைய கம்பளியைத்தான் போர்த்திக்கொள்ள வேண்டியிருக்கும்.